ஊர்ச் சபையிலிருந்து வடசென்னைக்கு: பிள்ளையைத் திடப்படுத்தலுக்கு ஆயத்தப்படுத்த ஒரு வழிகாட்டி

தென் மாவட்டத்துக் கிராமச் சபையில் வளர்ந்தவர்கள் நீங்கள். துறைமுகத்திலோ மணலியிலோ ஐ.சி.எஃப்.பிலோ வேலை கிடைத்தோ, மளிகைக் கடை வைத்தோ ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், வியாசர்பாடி, பெரம்பூர்ப் பக்கம் குடியேறிவிட்டீர்கள். பிள்ளைக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது ஆகும்போது திடீரென்று ஞாபகம் வருகிறது: "திடப்படுத்தல் எடுக்கணுமே, யாரைப் போய்ப் பார்க்கிறது?" (திடப்படுத்தல் என்றால், குழந்தையில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்து தன் விசுவாசத்தைச் சபைக்கு முன்னால் தானே அறிக்கையிடும் சடங்கு.) இந்தப் பக்கத்துச் சபை ஒன்றில் திடப்படுத்தல் வகுப்புக்கு உதவியாக இருக்கிறேன். இந்தக் கேள்வியோடு வரும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வகுப்பில் பெயர் கொடுப்பது ஐந்து நிமிட வேலை. அதற்கு முன்னால் நடக்க வேண்டியதுதான் பெரிது. உங்கள் பிள்ளைப்பருவத்தில் அதைச் செய்தது அப்பா அம்மா மட்டுமில்லை, ஊரே செய்தது. இங்கே வீடுதான் செய்தாக வேண்டும்.

ஊர் செய்த வேலை

மெஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம், இடையன்குடி எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கன் மிஷன்களைச் சுற்றி வளர்ந்த ஊர்கள். மிஷனரி கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்கு வந்தார். அங்கே இப்போதுள்ள கோயில் முடிந்தது 1880இல். அதற்கு இடைப்பட்ட காலமெல்லாம் கட்டடத்தை மட்டுமா கட்டினார்கள்? பள்ளிக்கூடம், வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார், காலை மாலை மணி, ஞாயிறு வினாவிடை என்று ஒரு பழக்கத்தையே கட்டினார்கள். மணி அடித்தால் பாட்டி கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போவாள். விசுவாசப் பிரமாணத்தை யாரும் உட்கார்ந்து மனப்பாடம் செய்யவில்லை. தினமும் காதில் விழுந்ததில் தானாக வந்துவிட்டது. அசனத்துக்கு (சபை விருந்துக்கு) பந்தி பரிமாறியபோதும், அறுப்பின் பண்டிகைக்குப் பூசணிக்காய் தூக்கிப்போனபோதும் பிள்ளை ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டுதான் இருந்தது.

வெள்ளாளன்விளையில் 1874இல் ஒரு கிராமச் சபை ஆயரின் மகனாகப் பிறந்த அசரியா இப்படிப்பட்ட சூழலில்தான் வளர்ந்தார். அவர்தான் 1912இல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். எல்லாப் பிள்ளையும் பேராயர் ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. கிராமத்துச் சபையின் ஆயத்தம் லேசானது அல்ல, அவ்வளவுதான்.

வடசென்னையில் மணி அடித்தாலும் கன்டெய்னர் லாரிச் சத்தத்தில் கேட்காது. அப்பாவுக்கு ஷிஃப்ட், அம்மாவுக்கும் வேலை, பிள்ளைக்கு டியூஷன். பாட்டி ஊரில். ஆகவே முதல் படியிலிருந்து தொடங்குவோம்.

சபையைத் தேர்ந்தெடுப்பது

சபைக்குப் பேர் கொடுக்கும்முன் போர்டை நன்றாகப் படியுங்கள். ஒரே தெருவில் சி.எஸ்.ஐ., ஈ.சி.ஐ. (இந்திய சுவிசேஷத் திருச்சபை), லுத்தரன், மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே எல்லாம் இருக்கலாம். புரசைவாக்கம் அடைக்கலநாதர் ஆலயம் மாதிரியான லுத்தரன் சபைகளிலும் திடப்படுத்தல் உண்டு. ஆனால் அது வேறு திருச்சபை, வேறு பதிவேடு. கத்தோலிக்கர் உறுதிபூசுதல் என்பது இன்னொரு முறை.

சி.எஸ்.ஐ.க்குள்ளேயும் வித்தியாசம் தெரியும். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் ஒன்றாகித்தான் தென்னிந்தியத் திருச்சபை உண்டானது. உங்கள் ஊர்ச் சபை ஆங்கிலிக்கன் வழியில் வந்தது. இங்கே வடசென்னையிலோ ஸ்காட்லாந்து மிஷன், லண்டன் மிஷன், வெஸ்லியன் மிஷன் எல்லோருமே வேலை செய்திருக்கிறார்கள். பழைய வண்ணாரப்பேட்டை ரெய்னி மருத்துவமனை ஸ்காட்லாந்து மிஷன் வழியில் வந்ததுதான். அதனால் பாட்டு மெட்டு, முழங்காலிடும் இடம், ஆயர் போடும் அங்கி என்று சின்னச் சின்ன மாற்றங்கள் கண்ணில் படும். "ஊரில் இப்படி இல்லையே" என்று முதல் மாதத்திலேயே கமிட்டி ஆளிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஒழுங்குமுறை ஒன்றுதான்.

என் ஆலோசனை: பெரிய, பெயர்பெற்ற ஆலயத்தைத் தேடிப்போவதைவிட, பிள்ளை தனியாக நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடிய சபையைப் பாருங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போக வேண்டும் என்றால், இரண்டாவது வாரமே "இன்னைக்கு வேணாம்" என்று ஆகிவிடும். மழைக்காலத்தில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் கேட்கவே வேண்டாம். மெட்ரோ 2021இல் விம்கோ நகர் வரைக்கும் வந்த பிறகு சிலருக்குத் தூரத்துச் சபையும் பக்கமாகிவிட்டது. ஆனால் பிள்ளைக்கு வேண்டியது ஞாயிறு மட்டுமில்லை. வாரநாளில் பாட்டுப் பயிற்சிக்கும் வாலிபர் கூட்டத்துக்கும் எட்டிப்பார்க்கிற தூரம்.

காகிதங்கள்

இதை ஆறு மாதம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். வேண்டியவை பெரும்பாலும் இவை: பிள்ளையின் ஞானஸ்நானச் சான்றிதழ், ஊர்ச் சபையிலிருந்து சபை மாற்றுக் கடிதம், பெற்றோர் இருவரும் சபை அங்கத்தினர் என்பதற்கான விவரம், இரண்டு போட்டோ. சபைக்குச் சபை கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

சான்றிதழ் வெள்ளத்திலோ வீடு மாற்றியதிலோ தொலைந்திருந்தால் பயப்பட வேண்டாம். ஞானஸ்நானப் பதிவேடு ஊர்ச் சேகரத்திலேயே (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதி) இருக்கும். தேதி அல்லது வருடத்தைச் சொல்லி நகல் கேட்டு எழுதலாம். கடிதத்தில் அத்தியட்சாதீனத்தின் (பேராயரின் ஆளுகைப் பகுதி) பெயரைச் சரியாகப் போடுங்கள். நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் எல்லாம் 2003 முதல் தூத்துக்குடி – நாசரேத் அத்தியட்சாதீனம். இடையன்குடியும் டோனாவூரும் திருநெல்வேலியிலேயே இருக்கின்றன. லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் நேரிலேயே வாங்கிக்கொண்டு வந்தால் தபால் அலைச்சல் மிச்சம். ஊரில் சங்கக் காணிக்கை பாக்கி இருந்தால் அதையும் கட்டிவிடுங்கள்; மாற்றுக் கடிதம் தாமதமாவதற்குப் பல நேரம் அதுதான் காரணம்.

பெயரைக் கட்டாயம் ஒப்பிட்டுப் பாருங்கள். ஞானஸ்நானத்தில் "சாமுவேல் ஞானராஜ்", பள்ளியில் "ஜி. சாம்", ஆதாரில் இன்னொன்று என்று இருந்தால், பின்னாளில் சபையில் கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கும்போதுதான் தலைவலி தொடங்கும். இப்போதே ஆயரிடம் சொல்லி, எந்தப் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று முடிவு செய்துவிடலாம்.

பிள்ளைக்கு ஞானஸ்நானமே ஆகவில்லையா? அப்பா அம்மாவில் ஒருவர் இந்துக் குடும்பம், "பெரியவன் ஆனதும் பார்த்துக்கலாம்" என்று விட்டிருப்பார்கள். இந்தப் பகுதியில் அது சகஜம். ஞானஸ்நானத்துக்கும் திடப்படுத்தலுக்கும் சேர்த்தே ஆயத்தப்படுத்த வழி உண்டு. அந்தப் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு ஆயரைப் போய்ப் பாருங்கள். மறைத்துவைத்து, பிள்ளையை மட்டும் அனுப்புவதுதான் தப்பு.

வீட்டில் செய்ய வேண்டியது

வேதாகமத்தில் உபாகமம் ஆறாம் அதிகாரம் பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்லும்போது வகுப்பறையைச் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்போது என்கிறது. ஊரில் மணி செய்ததை இந்த நாலு நேரத்தில்தான் பிடிக்க வேண்டும்.

குடும்ப ஜெபத்தை ராத்திரி ஒன்பது மணிக்கு வைக்காதீர்கள். அப்பா நைட் ஷிஃப்ட் போயிருப்பார், அம்மா தூக்கக் கலக்கத்தில் இருப்பார், பிள்ளை போனை மடியில் மறைத்துவைத்திருக்கும். எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரம் எது என்று பாருங்கள். சில வீடுகளில் அது காலை ஆறரை, சில வீடுகளில் சனிக்கிழமை மதியம் மட்டும். பத்து நிமிடம் போதும். ஒரு பாமாலைப் பாட்டு அல்லது கீர்த்தனை, ஒரு சங்கீதம், பரமண்டல ஜெபம். நீளமாக ஜெபித்து முடிக்காமல் இழுக்கும் அப்பாக்களால்தான் பல பிள்ளைகளுக்கு ஜெபம் என்றாலே வெறுப்பு வருகிறது. இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் உண்மை.

அடுத்து தமிழ். இங்கே பிள்ளைகள் பலர் ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கிறார்கள். பேசுவார்கள், ஆனால் வேதாகமத் தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுவார்கள். பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவார்கள். இதற்காக அவமானப்படுத்த வேண்டாம். தினமும் சங்கீதத்தில் இரண்டு வசனம் பிள்ளை வாசிக்கட்டும், மீதியை நீங்கள் வாசியுங்கள். 23, 121, 100 என்று சின்னச் சங்கீதங்களாக ஆரம்பிக்கலாம். "கனம்பண்ணுவாயாக" என்றால் என்ன என்று கேட்டால் உடனே சொல்லுங்கள். ஆங்கில ஆராதனையும் வகுப்பும் உள்ள சபையில் பிள்ளை அதைத்தான் கேட்கிறது என்றால், சேர்க்கலாம். ஆனால் பாட்டியோடு சேர்ந்து ஜெபிக்கத் தெரியாமல் போய்விடக் கூடாது; விசுவாசப் பிரமாணமும் பரமண்டல ஜெபமும் தமிழிலும் வாயில் இருக்கட்டும்.

ஞானப்பெற்றோரைக் கூப்பிடுங்கள். பழைய ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தக முறைப்படி பையனுக்கு இரண்டு ஞானத்தகப்பன், ஒரு ஞானத்தாய். பெண்ணுக்கு இரண்டு ஞானத்தாய், ஒரு ஞானத்தகப்பன். பிள்ளையின் சார்பாக வாக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். பெரும்பாலும் ஊரில் இருக்கும் மாமாவோ பெரியம்மாவோதான். கிறிஸ்துமஸ் துணியோடு அவர்கள் கடமை முடிந்துவிடவில்லை. வாட்ஸ்அப்பில் வாரம் ஒருமுறை ஒரு வசனம் கேட்கச் சொல்லுங்கள். சந்தோஷமாகச் செய்வார்கள், இதுவரை யாரும் கேட்கவில்லை என்பதுதான் குறை.

அப்புறம் கேள்விகள். பிள்ளை வளர்கிற தெருவில் ஆடி மாதம் கூழ் ஊற்றுவார்கள், வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போவார்கள். "அவங்க வீட்டுக் கூழை ஏன் சாப்பிடக் கூடாது?" என்று கேட்டால், "அதெல்லாம் பாவம்" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். சாப்பிடுவதா வேண்டாமா என்பதில் குடும்பங்களுக்குள் வேறுபாடு உண்டு. பக்கத்து வீட்டாரை இழிவாகப் பேசாமல் உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள். இன்னொரு கேள்வி கட்டாயம் வரும். பள்ளியில் பெந்தெகொஸ்தே நண்பன் சொல்லியிருப்பான்: "குழந்தையில் தெளிச்ச தண்ணி ஞானஸ்நானம் ஆகாது, முழுக்கு எடு." அதற்கு நான் வகுப்பில் சொல்வது இதுதான்: குழந்தையாக இருந்தபோது உனக்காக மற்றவர்கள் கொடுத்த வாக்கை, இப்போது சபைக்கு முன்னால் நீயே உன் வாயால் எடுக்கிறாய், திடப்படுத்தல் என்பது அந்த நாள். நீ நம்பவில்லை என்றால் எடுக்காதே.

கடைசி வாக்கியத்தைக் கேட்டுப் பெற்றோர் சிலர் பதறுவார்கள். ஆனால் பிள்ளை உண்மையாகவே "எனக்கு இன்னும் தெரியல" என்று சொன்னால், அடுத்த வருடம் இன்னொரு வகுப்பு இருக்கிறது. அத்தை மகன் எடுத்துவிட்டான் என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள்.

வகுப்பு

பெரும்பாலும் சனி மாலை அல்லது ஞாயிறு ஆராதனைக்குப் பின். சில சபைகளில் மே மாதம் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) முடிந்ததும் தொடர்ச்சியாக நடத்துவார்கள். எத்தனை வயதில் எடுக்கலாம் என்பது சபையைப் பொறுத்தது. உயர்நிலைப்பள்ளி வயது என்பது பொதுவான வழக்கம். பத்தாம் வகுப்பு நடுவில் சேர்க்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பு நல்லது, இல்லை என்றால் பொதுத்தேர்வு முடிந்த கையோடு.

கேட்பது அதிகம் இல்லை: அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரமண்டல ஜெபம், ஞானஸ்நானம் – திருவிருந்து (அப்பமும் ரசமும் பெறுவது) என்ற இரண்டு சாக்கிரமந்துகள், அதாவது திருச்சடங்குகள், திருச்சபை ஆண்டின் காலங்கள், தென்னிந்தியத் திருச்சபை உண்டான கதை, ஆராதனை முறை. ஆராதனை முறையைப் படிக்கும்போது ஒன்றைக் கவனித்துச் சொல்லிக்கொடுங்கள். சமாதான வாழ்த்தின்போது இரு கைகளையும் குவித்து அடுத்தவர் கைகளுக்குள் வைத்து வாங்குகிறோமே, அதைச் சும்மா கைகுலுக்கலாகச் செய்துவிட்டுப் போகக் கூடாது. 1950இல் வந்த தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து முறையில் திட்டமிட்டுச் சேர்த்தது அது.

ஒரே பாத்திரம்

இதைப் பெரும்பாலான வகுப்புகளில் பேசுவதில்லை. புதிதாக வரும் குடும்பத்திடம் சபையில் யாராவது "எந்த ஊரு?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் பாசம்தான். சில நேரம் அதற்குள் வேறொரு விசாரிப்பு இருக்கும், உங்களுக்கும் தெரியும். வடசென்னைச் சபைகளில் தென் மாவட்டத்தார் மட்டுமில்லை. பின்னி மில் காலத்திலிருந்தே இங்கே இருக்கும் குடும்பங்கள், திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கத்துத் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள், ஆந்திராவிலிருந்து வந்தவர்கள் என்று எல்லோரும் ஒரே பந்தியில்தான் முழங்காலிடுகிறார்கள்.

இது சும்மா வந்துவிடவில்லை. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைகளுக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று எழுதினார். உட்காரும் இடத்திலும், திருவிருந்துப் பாத்திரத்திலும் முன்பின் பார்த்தவர்கள் அதை ஏற்கவில்லை; தஞ்சாவூரிலும், இங்கே பக்கத்தில் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். திடப்படுத்தலுக்குப் போகும் பிள்ளைக்கு இது தெரிய வேண்டும். முக்கியமாக, வீட்டில் பேசும் பேச்சில் கவனம் வேண்டும். கோயிலில் ஒரே பாத்திரம், சாப்பாட்டு மேஜையில் "அவங்க ஆளுங்க" என்று பேசினால் பிள்ளை எதை நம்பும்?

அந்த நாள்

பேராயரோ, அவர் அனுமதி கொடுத்த ஆயரோ பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஜெபிப்பார். வழக்கமாக அதே ஆராதனையில் முதல் திருவிருந்து. தேதி பேராயர் வருவதைப் பொறுத்தது, கடைசி நேரத்தில் மாறலாம். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு முன்பதிவு செய்யும் முன் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

உடை வெள்ளை. பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைப் புடவை அல்லது சுடிதார், முக்காடு. பையனுக்கு வெள்ளைச் சட்டை. எம்.சி. ரோட்டில் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை. ஒரே வகுப்பில் வசதி குறைந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதால் பட்டு, ஜரிகை வேண்டாம். புடவை என்றால் முந்தின நாளே கட்டி, முழங்காலிட்டு எழுந்து பார்க்கச் சொல்லுங்கள். படியில் தடுக்கி விழாமல் இருக்க அது போதும். ஃப்ளெக்ஸ் பேனர், பார்ட்டி ஹால், கேக் எல்லாம் இப்போது வந்துவிட்டன. எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் பிரியாணி போட்டு, வகுப்புப் பிள்ளைகளில் துணைக்கு ஆள் இல்லாத ஒருவரையும் கூப்பிடுங்கள், அது போதும்.

முதல் திருவிருந்து வாங்குவதற்கும் ஒத்திகை வேண்டும். இடது உள்ளங்கைமேல் வலது உள்ளங்கை விரித்து நீட்ட வேண்டும். அப்பத்தை விரலால் பிடுங்கக் கூடாது. ரசத்தை எப்படிக் கொடுப்பார்கள் என்பதை, பாத்திரத்திலா, சின்னக் கிண்ணத்திலா, தோய்த்தா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தம்பி தங்கைகள் கூடவே முன்னால் வந்தால், கை நீட்டாமல் தலை குனிந்தால் ஆயர் ஆசீர்வதிப்பார். இதையும் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

பிறகு

சான்றிதழை வாங்கி, லேமினேட் செய்யாமல் (பின்னால் முத்திரை வைக்க வேண்டி வரும்) கோப்பில் வையுங்கள், போட்டோவும் எடுத்துவையுங்கள். பிள்ளையின் பெயர் திருவிருந்து அங்கத்தினர் பட்டியலில் ஏறியதா என்று ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள். கல்யாணத்துக்கும், பிற்காலத்தில் சபைத் தேர்தலில் ஓட்டுப் போடவும் அதைத்தான் பார்ப்பார்கள். பிள்ளையின் பெயரில் ஒரு சின்னத் தொகையைச் சந்தாவாக, அதன் கையாலேயே கட்டச் செய்யுங்கள்.

திடப்படுத்தல் முடிந்த மூன்றாவது மாதம் பிள்ளைகள் பலர் காணாமல் போவார்கள். அதற்கு முன்பே ஆயரிடம் சொல்லி ஒரு வேலை வாங்கிக்கொடுங்கள்: பாடம் வாசிப்பது, பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு உதவி, சவுண்ட் சிஸ்டம். வாரநாளில் பொறுப்பு இருக்கும் பிள்ளை ஞாயிறு எழுந்து வரும். எழுந்து வராத ஞாயிறும் இருக்கும். அன்று கத்தாமல் நீங்கள் மட்டும் போய்விட்டு வாருங்கள்.